டேலியாவுக்கு ஊத்துன தண்ணி

— இந்தாய்யா, கூயு கரிக்குது. நா உப்புக்கல்ல இன்னும் கையால தொடவே இல்ல.

— மாசி வந்தா கெணத்துத் தண்ணி அப்டித்தான் குப்பம்மா. வருசா வருசம் பாக்கறதுதானே. இன்னா புச்சா கேக்கற?

— நேத்து கரிக்கலியே.

— நேத்து கரிக்கல, இன்னிக்கு கரிக்குது. கூயக் குடிப்பியா, கெணத்தோட மல்லுக்கு நிப்பியா?

— ஐயே, இன்னாத்துக்கு எகிர்ற? விடிகாலைல எங்க போன நீ?

— கடக்கரைக்குப் போனேன். அங்க எதுக்குப் போவாங்கோன்னு ஒனக்குத் தெரியாதா?

— கடக்கரைல ஏதுய்யா செம்மண்ணு?

— இன்னா செம்மண்ணு?

— உன் கால்ல. முட்டி வரிக்கும். இந்த எண்ணூரு பூரா வெள்ள மணலு. செம்மண்ணு கீறது ஒரே எடம், தொர பங்களாத் தோட்டம். செங்குன்றத்துலருந்து வண்டி வண்டியா வரவெச்சி நீ கொட்டிப் பரப்புன மண்ணு. கண்ண மூடிகினு சொல்லுவேன் நானு.

— மெள்ளப் பேசு.

— எதுக்கு மெள்ள? கூலி லைனு பூரா தெரிஞ்சி போச்சி. கெணத்தாண்ட நா போனா பொம்பளைங்கோ அவுங்கவுங்கோ கொடத்த எடுத்துகினு அந்தாண்ட போறாளுங்கோ. கூடப் பொறந்தவ மாரி இருந்தவளுங்கோ. எம் மொவத்தப் பாக்க மாட்டேங்கறாளுங்கோ.

— பொன்னுரங்கம்! வே, உள்ள இருக்கீரா?

— அண்ணாச்சி கொரலு. வா அண்ணாச்சி, தலைய குனிஞ்சி வா, மூங்கிலு இடிக்கும். குப்பம்மா, யூனியன் செக்ரட்டரி நம்ப வூடு தேடி வந்துகீறாரு, பாயப் போடு.

— பாய் வேண்டாம் தங்கச்சி. நான் இருந்து பேச வரலை. காலையிலேருந்து பேசிப் பேசித் தொண்டையே போச்சு. வே, சாயங்காலம் கஞ்சித்தொட்டிப் பந்தல்ல கமிட்டி கூடுது. மொத வெசயமே நீருதான்.

— நானா? நா இன்னா பண்ணேன்?

— தெரியாத மாதிரி கேக்காதீரும். ஸ்ட்ரைக்குன்னு சொல்லி மெசினெல்லாம் நிக்கி. பம்பு நிக்கி. ஒரு பய கேட்டுக்குள்ள கால் வைக்கலை. நீரு மட்டும் விடியக்காலத்துல குடமும் தலையுமா பங்களாவுக்குப் பின்னால வேலிச் சந்துல நுழையுதீரு. பைப்புல தண்ணி வரலைன்னு தலைச்சுமையாக் கொண்டு போய் துரை தோட்டத்துக்கு ஊத்துதீரு.

— யாரு பாத்தாங்கோ?

— ரெண்டு மூணு நாளாப் பாத்திருக்காவ. இன்னைக்குப் பக்தவச்சலமே பாத்துட்டாரு.

— பக்தவச்சலமா!

— ஆமா. உம்ம சம்பந்தி ஆகப் போறவருதான். கஞ்சிக்கு நின்ன அம்புட்டு பேரு முன்னாலயும் சொல்லுதாரு, பொன்னுரங்கம் கருங்காலின்னு. கருங்காலி மவ எம் மவன் ரகுபதிக்கு வேண்டாம், பங்குனியில கல்யாணமும் கெடையாது ஒண்ணுங் கெடையாதுன்னு.

— அடப் பாவி மனுசா! கேட்டியா? மங்கைக்கு சேல எடுத்து வெச்சிகீறேன்யா நானு! பொட்டியத் தொறந்து தொறந்து பாத்துகினு கீது அந்தப் பொண்ணு!

— குப்பம்மா, நீ சொம்மாகீறியா?

— ஏன் சொம்மா இருக்கணும்? அண்ணாச்சி, நீயே கேளு. இந்தாளு வாயத் தொறக்க மாட்டேங்கறான்.

— கேக்கத்தான் வந்திருக்கேன் தங்கச்சி. பொன்னுரங்கம், யோசிச்சுப் பாரும். கமிட்டி ஒரு தடவ கருங்காலின்னு சொல்லிட்டுதுன்னா பெறவு நானே நெனைச்சாலும் மாத்த முடியாது. கஞ்சி கெடையாது. பேச்சு கெடையாது. பிரேதம் விழுந்தாக் கூடத் தூக்க ஆளு வராது. உம்ம நான் பன்னெண்டு வருசமாப் பாக்கேன், நீரு அப்படிப்பட்டவரு இல்ல. அதான் முன்கூட்டியே வந்தேன். என்னத்துக்குவே போனீரு?

— கெயங்கு எடுக்க.

— என்ன கெழங்கு?

— டேலியா கெயங்கு அண்ணாச்சி. மாசி பொறந்தா எடுத்தே ஆவணும். தை மாசம் பூத்து, இங்க இப்ப ஓஞ்சிரும் அது. செடிய அறுத்துட்டு, கெயங்கத் தோண்டி, நெயல்ல ஒணத்தி, மணல்ல பொதைச்சி, பொட்டியில அடிச்சி மலைக்கு அனுப்பணும். தொரசானி குன்னூருலதானே கீறா. அங்க தையில புல்லு மேல பனி வெள்ளையா ஒறைஞ்சி கெடக்குமாம். இப்பத்தான் பனி வுடுது. பாத்திய கொத்திப் போட்டுட்டு எங் கெயங்குக்குக் காத்துகினு கீறாங்கோ. இங்க முடியச் சொல்ல அங்க ஆரம்பம். இங்க கத்திரி வெயிலுல நாம வெந்துகினு கீறப்ப அங்க மொட்டு வெக்கும். மெய்யாலுமே அண்ணாச்சி, அந்தக் கெயங்குக்கு வருசத்துக்கு ரெண்டு வாய்வு.

— நல்ல வாழ்வுதான்.

— சீமையில இன்னும் பேஜாரு. இப்பக்கூட மண்ணு கல்லு மாரி கெட்டியா கீதாம். வெதைய டப்பாவுல போட்டு, ஜன்னலாண்ட வெயில் படற எடத்துல வெச்சி, கொயந்தைய பாத்துக்கறாப்ல பாத்துக்குவாங்கோளாம். தொரசானி ஒருவாட்டி அங்கேருந்து வந்த வெதையக் குடுத்து, பாக்கிட்டு மேல மார்ச்சின்னு போட்டுகீது, இப்பவே போடுன்னா. போட்டேன். நல்லாத்தான் மொளைச்சிது. பங்குனி வெயிலு மூஞ்சியக் காட்டிச்சோ இல்லியோ, பாத்தி மொத்தமும் கருவிப் போச்சி. தோட்டக்காரன்னா அவளுக்கு மாலி. மாலி, நீதான் கொன்னேன்னு சொல்லிட்டா.

— நீரு என்ன சொன்னீரு?

— நா செடியக் கொல்ற ஆளு இல்லம்மான்னு சொன்னேன்.

— ம். எங்க தேரிக்காட்டுல மாசி மாசம் வந்தா மண்ணு கொதிக்கும். ஒண்ணும் நட முடியாது. பனைக்காரன் பாளைய சீவ ஏறிருவான், அவ்வளவுதான் வெள்ளாமை. ஆனா எங்கய்யா ஆத்தங்கரையில கொஞ்சம் நெலம் குத்தகைக்குப் பிடிச்சி சேனைக்கெழங்கு போட்டவரு. நான் கூடமாட நின்னு தோண்டியிருக்கேன்.

— சேனையா? நல்ல மண்ணு கேக்குமே அது.

— கேக்கும். தோண்டுறதுக்கு ரொம்ப நாள் முந்தியே எங்கய்யா தண்ணிய நிறுத்திருவாரு. ஈரத்தோட எடுத்தா அழுகிப் போயிரும்லா. டேலியாக் கெழங்குக்கு எப்படி?

— அதுவும் அப்டித்தான். காஞ்ச மண்ணுல எடுத்தாத்தான் நிக்கும்.

— அப்போ குடம் எதுக்குவே?

— சொல்லேன்யா. வாயில இன்னா கொயக்கட்டையா?

— நாத்துக்கு.

— எந்த நாத்து?

— வெயிலு காலத்துப் பூவுக்கு. காசித்தும்பை, கோயிக்கொண்டை. இப்ப நாத்து வுட்டாத்தான் சித்தரையில பூக்கும். வெரலு ஒசரம்தான் கீது. ஒரு நா தண்ணி காட்டலேன்னா சுருண்டுரும். வாயில்லாத செடி அண்ணாச்சி. அது இன்னா ஸ்ட்ரைக்கு பண்ணுச்சா, கருங்காலித்தனம் பண்ணுச்சா?

— பொய்.

— இன்னா?

— பொய் சொல்லுதீரு வே. கெழங்குன்னீரு, இப்ப நாத்துன்னுதீரு. டேலியாப் பாத்தியில நின்னு ஊத்துனீருன்னு பக்தவச்சலம் சொல்லுதாரு. சொவரு ஒடைஞ்ச எடத்துல நின்னு பாத்திருக்காரு. கொடத்தச் சரிச்சி, வேருல பாத்துப் பாத்து ஊத்துனீராம். அழுத மாதிரி இருந்துதுன்னும் சொன்னாரு.

— வேர்த்துகினு இருந்துருக்கும்.

— மூலையில பாதித் தண்ணியோட நிக்கே, அந்தக் குடந்தானா?

— அதான். இன்னிக்கு முச்சூடும் ஊத்தல. பாதியிலயே பக்தவச்சலம் கூவுனாரு, மீதிய தூக்கிகினு ஓடியாந்துட்டேன்.

— அழுதானாம்! கேட்டுக்கோ அண்ணாச்சி! செடிக்கு அயுதானாம்! எம் சின்னப் பொண்ணு முத்தம்மா போன சித்தரையில வாந்திபேதில கெடந்துச்சே, அப்ப இவன் எங்க கீறான்னு கேளு. அதே டேலியாப் பாத்தியிலதான்! கையில பைப்பு! பைப்புல நல்ல தண்ணி, செங்குன்றத்து ஏரித் தண்ணி, சோன்னு கொட்டுது!

— குப்பம்மா, வாணாம்.

— லைனு கெணத்துல கலீஜு தண்ணி. அத்தத்தான் மொண்டு துணில வடிகட்டிக் குடுத்தேன். குடிச்சிக் குடிச்சி கக்குச்சி. வைத்தியரு வந்து நல்ல தண்ணி காச்சிக் குடுங்கோன்னாரு. போய்க் கேளுய்யா, ஒரு கொடம் கேளுய்யான்னு கால்ல வுயுந்தேன். கேட்டானாம். செடிக்கே பத்தல மாலின்னாளாம் அந்தத் தொரசானி. இவன் தலைய ஆட்டிட்டு வெறுங்கொடத்தோட வந்து நின்னான்.

— நா தலைய ஆட்டல.

— ஆட்டுன!

— … ஆட்டுனேன். சரிம்மா-ன்னு சொன்னேன். அப்பறம் போய் பைப்ப எடுத்து மீதிப் பாத்திக்கும் தண்ணி காட்டிட்டுத்தான் வந்தேன். போதுமா?

— கேட்டியா அண்ணாச்சி? இப்ப அதே செடிக்குத் தலையில சொமந்துகினு போயி ஊத்தறான். எம் பொண்ணுக்குக் கெடைக்காத தண்ணி. கருங்காலின்னா கருங்காலிதான்யா நீ. பக்தவச்சலம் சொன்னதுல இன்னா தப்பு கீது?

— தங்கச்சி, போதும். அழாத. இந்தா, கண்ணத் தொட.

— எனக்கு ஒண்ணியும் வாணாம். எம் மங்கையக் காப்பாத்திக் குடு.

— அதுக்குத்தான் வந்தேன். வே பொன்னுரங்கம், நிமிந்து பாரும். ஒரு வெசயம் சொல்லுதேன். சாயங்காலம் வரைக்கும் இந்தக் குடிசைய விட்டு வெளிய போகக் கூடாது. சத்தியம் பண்ணும்.

— சொல்லு அண்ணாச்சி.

— துரை எறங்கி வந்துட்டான்.

— இன்னா?

— இன்னைக்குக் காலையில கூப்பிட்டு விட்டான். வெள்ளைக்காரன் கொடிய எறக்கிட்டுப் போயி ரெண்டு வருசமாச்சு, நமக்கு இன்னும் ஒரு கொடம் நல்ல தண்ணிக்கு வழியில்லையேன்னு கேட்டேன். சரின்னுட்டான். லைனுக்கு ரெண்டு கொழாய். ஏரித் தண்ணி. பங்களாவுக்குப் போற அதே பைப்புலேருந்து பிரிச்சு விடுதான்.

— அண்ணாச்சி! மெய்யாலுமா? மெய்யாலுமே கொயா வருதா?

— நாளைக்குக் கையெழுத்து தங்கச்சி. மத்தக் கோரிக்கை எல்லாம் பாதிக்குப் பாதிதான். ஆனா கொழாய்க்கு மட்டும் முழுசா ஒத்துக்கிட்டான். உங்க முத்தம்மா பேரச் சொல்லித்தான் கேட்டேன். அந்தப் பிள்ளைய நான் தூக்கியிருக்கேன்.

— நல்லா இருப்ப அண்ணாச்சி. நீயி, உம் புள்ளைங்கோ, எல்லாரும் நல்லா இருப்பீங்கோ.

— நாளைக்கா? நாளைக்கேவா கையெய்த்து?

— ஆமா. என்னவே, மொகம் ஏன் இப்படிப் போவுது? சந்தோசப்படாண்டாமா?

— ஏன் அண்ணாச்சி முந்தியே சொல்லல? நாலு நா முந்தி சொல்லியிருக்கக் கூடாதா நீயி?

— எனக்கே இன்னைக்குத்தான தெரியும்! கோட்டி மாதிரி பேசாதீரும். கேளும். ஒரே ஒரு கண்டிசன் போட்டிருக்கான். கம்பெனிச் சொத்துக்கு ஒரு சேதமும் வந்திருக்கக் கூடாது. ஸ்ட்ரைக்குத் தொடங்குறப்பவே நான் குடுத்த வாக்குதான் அது, கல்லெறி கெடையாது, கண்ணாடி ஒடைக்கிறது கெடையாதுன்னு. நாளைக்குக் காலையில துரையும் துரைசாணியும் சேந்து எல்லாத்தையும் சுத்திப் பாப்பாவ. மெசினு, கிடங்கு, பங்களா, தோட்டம். பெறவுதான் பேனாவ எடுப்பான்.

— தொரசானியா? அவ மலைலல்ல கீறா?

— ரயில் ஏறிட்டாளாம். தோட்டத்தத்தான் மொதல்ல பாப்பேன்னு சொல்லியிருக்கா. அந்த அம்மாவுக்குச் செடிதான உசுரு. யோசிச்சுப் பாரும். பம்ப நிறுத்துன அன்னையிலேருந்து எனக்கு உறக்கமே இல்ல. மெசினுக்குப் பயப்படலை, அது இரும்பு, சும்மா நிக்கும். இந்தத் தோட்டந்தான் பயம். மாசி வெயிலுல எல்லாம் காஞ்சு பட்டுப் போயிட்டுதுன்னா, யூனியன்காரன் வேணும்னே நாசம் பண்ணிட்டான்னு ஒரே வார்த்தையில கொழாயத் தட்டி விட்டுருவான்.

— செடி காஞ்சா தானா காஞ்சிதுன்னு சொல்ல முடியாதா?

— சொன்னா நம்புவானா? நல்ல வேள, நீரு இருந்தீரு. மனசாரச் சொல்லுதேன் வே. வரும்போது உம்ம மேல அம்புட்டுக் கோவம். வழியில வரவர யோசிச்சேன். எல்லாரும் பம்ப நிறுத்திட்டோம்னு மார் தட்டிக்கிட்டுத் திரிஞ்சோம். நீரு ஒருத்தரு பேச்சும் வாங்கிக்கிட்டு, கருங்காலிப் பட்டமும் வாங்கிக்கிட்டு அந்தச் செடிய நிப்பாட்டியிருக்கீரு. உம்மால நம்ம கொழாய் தப்பிச்சுது.

— அப்டி சொல்லாத அண்ணாச்சி.

— சொல்லத்தான் போறேன். சாயங்காலம் கமிட்டியில எந்திரிச்சு நின்னு சொல்லுவேன், நான்தான் பொன்னுரங்கத்த ரகசியமா ஊத்தச் சொன்னேன்னு. பொய்தான். ஆண்டவர் மன்னிப்பாரு. பக்தவச்சலம் பெறவு தாம்பாளத்தோட இந்த வாசல்ல வந்து நிக்காரா இல்லையா, பாரும்.

— வாணாம். எனுக்காவ நீ பொய் சொல்லாத.

— ஏன்யா வாணாம்? சொல்லட்டும்! மங்கை கல்யாணம் நடக்கும்யா! அண்ணாச்சி, நீ சொல்லு. யோவ், நா உன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். பொண்ணு போன வவுத்தெரிச்சலு. மனசுல வெச்சிக்காத. செடிய நீ காப்பாத்துனதுல கொயா வருதுன்னா, முத்தம்மாவே வந்தாப்லதான் எனுக்கு. கேக்குதா? இன்னாத்துக்கு இப்ப மூஞ்சிய மூடிக்கற?

— விடு தங்கச்சி. அவரு மனசு தாங்கலை. பத்து மாசமா அடக்கி வச்சது. வே, ஒண்ணு மட்டும் சொல்லும். தோட்டம் எப்படி நிக்கி?

— நிக்குது.

— டேலியா?

— நிக்குது அண்ணாச்சி. இன்னிக்கு நிக்குது. எல ஓரம் மட்டும் லேசா கருவிகீது.

— வெயிலுக்குத்தான? அது பரவால்ல, கேட்டாச் சொல்லிக்கிடலாம். இன்னைக்குப் பாதியில விட்டுட்டீருல்லா, சாயங்காலம் இருட்டு விழறதுக்கு முந்தி நானே கூட வாரேன். ரெண்டு பேருமா நல்லா நெறைய ஊத்திருவோம். அந்தக் குடத்த நான் தூக்குதேன்.

— அண்ணாச்சி…

— எனக்கும் செடிக்கு ஊத்துன கைதான் வே, பழக்கம் விட்டுப் போகலை. யப்பா, தொண்ட ஒட்டிக்கிட்டுது. தங்கச்சி, ஒரு சொம்பு தண்ணி குடும்மா.

— அய்ய, மொதல்லயே கேக்கறதில்லியா? இரு, மோந்து தரேன். கரிக்கும் அண்ணாச்சி, சொல்லிட்டேன். இந்தக் கொடத்துலதான் காலைல கூயுக்கு மொண்டு ஊத்துனேன், வாயில வெக்க முடியல. மாசிக் கெணறு.

— கரிச்சாக் கரிக்கட்டும். இன்னும் கொஞ்ச நாள்தான, பெறவு கொழாய்த் தண்ணி. இங்க குடு.

— குடிக்காத! சொம்ப வெய்யி அண்ணாச்சி, வாயில வெக்காத! அது கெணத்துத் தண்ணி இல்ல. கடல்ல மொண்டது. அந்தத் தோட்டத்துக்கு அத்தத்தான் ஊத்திகினு வந்தேன்.